விழுந்தால் வீட்டுக்கா? விழாவிட்டால் நாட்டுக்கா?



சூதாட்டத்தில் வரும் வரிப்பணம் நல்ல பணமா, கெட்ட பணமா? இந்தக் கேள்வியை யாராவது உங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டதுண்டா? "உங்கள் ஊரில் சூதாட்ட விடுதி வரலாமா? வந்தால் அந்த வரியை எதற்குச் செலவிடலாம்? ஆம் என்றோ இல்லை என்றோ குறித்துப் பெட்டியில் போடுங்கள்" என்று எவரேனும் சீட்டு நீட்டியதுண்டா? இருக்காது. நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை.

அமெரிக்காவில் அந்த வழக்கம் உண்டு. தேர்தல் நாளன்று ஆட்களுக்கு வாக்களிப்பதோடு, சில கேள்விகளுக்கும் மக்கள் நேரடியாகத் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தக் கேள்விகளில் சூதாட்ட வரியும் ஒன்று. வாக்கெடுப்பு நெருங்கும்போது நகராண்மைக் கழகங்கள் கூடி, "நம் நகரம் இதை ஆதரிப்பதா, எதிர்ப்பதா?" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும். அவர்கள் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு நம் ஜொகூருக்கு வருவோம்.

வாக்குப் பெட்டி சொன்ன கதை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டி என்று ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் உல்லாசப் பயணிகள் குவிந்த ஊர். பிறகு கூட்டம் குறைந்து நலிந்துபோயிற்று. சூதாட்ட விடுதிகளைத் திறந்தால் ஊர் பிழைக்கும் என்று சிலர் சொன்னார்கள். 1974-இல் மாநிலம் முழுவதற்குமாக இந்தக் கேள்வியை வைத்தபோது மக்கள் முடியாது என்றார்கள். 1976-இல் அதே கேள்வி வேறு உடையில் வந்தது. "அந்த ஒரு நகரத்தில் மட்டும் திறப்போம். கிடைக்கும் வரியை முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் செலவிடுவோம்" என்றார்கள். முதியோர் பெயரைச் சொன்னதும் மக்கள் மனம் இளகிற்று. ஆம் என்று வாக்களித்தார்கள். 1978-இல் முதல் விடுதி திறந்தது.

வேலை கிடைத்தது உண்மை. வரி வந்ததும் உண்மை. ஆனால் விடுதிகளுக்குப் பின்னாலிருந்த தெருக்களில் வறுமை போகவில்லை. அக்கம் பக்கத்து மாநிலங்களும் "நமக்கும் வரி வேண்டும்" என்று விடுதிகளைத் திறந்தபோது கூட்டம் பிரிந்தது. 2014-ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஊரில் நான்கு சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2016 நவம்பரில் நகரத்தின் கணக்கு வழக்கையே மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதே மாதம், "மாநிலத்தின் வேறு பகுதிகளிலும் விடுதிகள் திறக்கலாமா?" என்று மக்களைக் கேட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கலிபோர்னியாவின் கதை இன்னொரு விதம். 1984-இல் அங்கே வாக்கெடுப்பு நடத்தி அரசு லாட்டரி தொடங்கினார்கள். வசூலில் குறைந்தது 34 விழுக்காடு கல்விக்கு என்பது வாக்குறுதி. 2022-இல் பந்தயச் சூதாட்டத்தை விரிவாக்க இரண்டு தீர்மானங்கள் மக்கள் முன் வந்தன. இரு பக்கமும் சேர்ந்து பிரசாரத்திற்கு 40 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொட்டின. மக்கள் இரண்டையும் தோற்கடித்தார்கள். அந்த மாநிலத்தில் சீட்டாட்டக் கூடங்களின் வரியையே பெரிதும் நம்பி வாழும் சிறு நகரங்களும் இருக்கின்றன. போலீஸ்காரர் சம்பளம், பூங்கா, நூலகம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். சூதாட்டத்தைக் குறைத்தால் நகரம் திவாலாகும் என்ற நிலைக்கு வந்துவிட்ட ஊர்கள் அவை. கவனியுங்கள். முதலில் நகரம் சூதாட்டத்தை ஆள்கிறது. நாளடைவில் சூதாட்டம் நகரத்தை ஆள்கிறது.

நம் ஊரில் தீர்ப்புச் சொல்வது யார்?

நம் நாட்டில் பந்தயமும் லாட்டரியும் கூட்டரசின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. மாநில அரசின் கையில் இருப்பது ஊராட்சி. கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது நகராண்மைக் கழகம். அந்தக் கழகத்தின் உறுப்பினர்களையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஜொகூர் பாரு 1994 ஜனவரி முதல் நாள் மாநகராயிற்று. அங்கும் இதே முறைதான்.

ஆகவே நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. ஆயினும் இந்த வரியைக் கட்டுகிறவர்களில் நாமும் இருக்கிறோம். கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு அல்லவா?

கூலி திரும்பிப் போகும் வழி

சூதாட்ட வரி நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. சிங்கப்பூரில் ராபிள்ஸ் 1823-இல் சூதாட்டத்தைத் தடை செய்தார். அவருக்குப் பின் அதிகாரத்திற்கு வந்த கிராபர்ட் அதே ஆண்டில் மீண்டும் உரிமம் கொடுத்தார். எப்படியும் ஆடத்தான் போகிறார்கள், வரியாவது வரட்டும் என்ற நியாயம் அன்றும் பேசப்பட்டது. வருமானம் கொழித்தது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய ஜூரி சபை அதைக் கண்டித்தது. கடைசியில் 1829-இல் அந்த உரிமம் ஒழிந்தது. இன்று அமெரிக்க நகரங்கள் செய்யும் வாதத்தை நம் அண்டை ஊர் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டது.

ஜொகூரில் என்ன நடந்தது? 19-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆற்றங்கரைகளில் சீனத் தொழிலாளர்கள் மிளகும் கம்பீர்ச் செடியும் பயிரிட்டார்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் கங்சூ என்று ஒரு தலைவர். நிலத்தைத் திறக்கும் உரிமையோடு, அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றை நடத்தும் உரிமையும் அவருக்குக் கிடைக்கும். அரசாங்க வருமானத்தில் பெரும் பங்கு இந்தக் குத்தகைகளிலிருந்து வந்தது. தொழிலாளி பகலெல்லாம் உழைத்து வாங்கிய கூலி இரவிலே அபின் குழாய் வழியாகவும் சூதாட்ட மேசை வழியாகவும் முதலாளியிடமே திரும்பிப் போயிற்று. ஊருக்குப் பணம் சேர்த்து அனுப்ப வந்தவன் கடன்காரனாக அங்கேயே கிடந்தான். கங்சூ முறை 1917-இல்தான் ஒழிக்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லையா? தோட்டத்துக் கள்ளுக்கடை! நம் பாட்டன்மார் வாங்கிய கூலி அதே வழியில்தான் திரும்பிப் போயிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். கூலி உயர்ந்தாலும் அது வீடு வந்து சேராவிட்டால் பயனில்லை என்பதை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

பத்தாயிரம் எண்களின் கணக்கு

இன்று கள்ளுக்கடையின் இடத்தில் நம்பர் கடை நிற்கிறது. கெந்திங் மலை விடுதிக்கு 1969-இல் உரிமம் கிடைத்தது. 1971-இல் திறக்கப்பட்டது. ஆனால் மலையேறிப் போய் ஆடுகிறவர் நம்மில் சிலரே. நாலு நம்பர்தான் நம் வீட்டு விருந்தாளி. மெக்னம் நிறுவனம் 1968-இல் தோன்றி, அடுத்த ஆண்டு நாலு நம்பர் ஆட்டத்தைத் தொடங்கிற்று. விளையாட்டுத் துறைக்குப் பணம் திரட்டவென்று அரசாங்கமே 1969-இல் ஸ்போர்ட்ஸ் டோட்டோவை அமைத்தது. 1985-இல் அது தனியாருக்குப் போயிற்று.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு 10,000 வரை எண்களைக் கற்பிப்பது எங்கள் வேலை. கரும்பலகையில் நாலிலக்க எண் ஒன்றை எழுதி, "ஆயிரம் எத்தனை, நூறு எத்தனை?" என்று ஒருநாள் கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், அது போன ஞாயிற்றுக்கிழமை விழுந்த நம்பர்!" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடமதிப்புத் தெரியுமுன் குழந்தைக்கு நம்பர் தெரிந்திருக்கிறது. வீட்டில் எந்தப் பேச்சு அதிகமோ அதைத்தானே குழந்தை கற்கும்?

சரி, நாமும் அந்தப் பையனோடு உட்கார்ந்து கணக்குப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். 'பெரிய' ஆட்டத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வெள்ளி வீதம் எல்லா எண்களையும் நீங்களே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். செலவு 10,000 வெள்ளி. முதற் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து, ஒவ்வொன்றும் 180. ஆறுதல் பரிசு பத்து, ஒவ்வொன்றும் 60. எல்லாவற்றையும் கூட்டுங்கள். 6,400 வெள்ளி. அத்தனை எண்களையும் வாங்கி, அத்தனை பரிசுகளையும் வென்ற பிறகும் 3,600 வெள்ளி நட்டம்! 'சிறிய' ஆட்டத்தில் 3,500, 2,000, 1,000 என்று மூன்றே பரிசுகள். கூட்டினால் 6,500. அங்கே நட்டம் 3,500.

அதாவது நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளியிலும் 64 அல்லது 65 காசுதான் பரிசாகத் திரும்புகிறது. மீதி, வரியாகவும் கடைச் செலவாகவும் கம்பெனி லாபமாகவும் போகிறது. இதிலே ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. ஆட்டத்தின் அமைப்பே அதுதான். கனவு நம்பர் புத்தகமோ, விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணோ, செத்தவர் வீட்டு எண்ணோ, மரத்தடிச் சாமி சொன்ன எண்ணோ இந்த 64 காசை 65 ஆக்க முடியாது. பெட்டிக்குள் உருளும் பந்துக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை.

இன்னொரு கணக்கு. புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று குலுக்கல். ஆண்டுக்கு 156. ஒரே எண்ணை விடாமல் வாங்கி வந்தால், முதற் பரிசு ஒருமுறை விழுவதற்குச் சராசரியாக 64 ஆண்டுகள் ஆகும். இருபதில் தொடங்கியவருக்கு எண்பத்து நாலாவது வயதில்! ஏதோ ஒரு பரிசு என்று பார்த்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை. அதிலும் பெரும்பாலும் 60 அல்லது 180 வெள்ளிதான்.

குலுக்கலுக்கு ஐந்து வெள்ளி வைத்தால் வாரம் 15, ஆண்டுக்கு 780 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. பாதி மாத உழைப்பைக் கடையில் கொண்டுபோய் வைக்கிறோம் என்று பொருள். பரிசாக வரும் பங்கு வீட்டுக்கு வருகிறதா? "விழுந்த காசுதானே" என்று அதுவும் அடுத்த குலுக்கலுக்கே போகிறது.

அரசாங்கத்தின் இரண்டு கைகள்

இந்தத் தொழிலின் மீது அரசாங்கத்துக்கும் ஆசை உண்டு. 2010 ஜூனில் நம்பர் ஆட்டத்தின் பந்தய வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாயிற்று. 2018 நவம்பரில் தாக்கலான வரவு செலவுத் திட்டம் சூதாட்ட விடுதியின் ஆண்டு உரிமக் கட்டணத்தை 12 கோடியிலிருந்து 15 கோடி வெள்ளியாக்கிற்று. அதே திட்டம் சிறப்புக் குலுக்கல்களைப் பாதியாகக் குறைக்கவும் சொன்னது. ஒரு கை வரியைக் கூட்டுகிறது, மறு கை ஆட்டத்தைக் குறைக்கிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

வசதி படைத்தவன் வருமான வரி கட்டும்போது, அதிகம் சம்பாதிப்பவன் அதிக விழுக்காடு கட்டுகிறான். அது முறையான வரி. நம்பர் வரி அப்படியன்று. பத்து வெள்ளிக்கு நம்பர் வாங்கும் கடை முதலாளியும் பத்து வெள்ளிக்கு வாங்கும் செம்பனைத் தொழிலாளியும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். அவருக்கு அது காப்பிக் காசு. இவருக்கு அது பிள்ளையின் காலணி.

அண்ணா காலத்துப் பரிசுச் சீட்டு

தமிழகத்தின் அனுபவம் நமக்கு நல்ல பாடம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1968-இல் அரசு பரிசுச் சீட்டுத் திட்டம் வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அதன் முழக்கம். கேட்க எவ்வளவு இனிமை! தோற்றவனுக்கும் தேசத் தொண்டு செய்த திருப்தி. அதே 1968 ஜனவரியில் கேரளத்திலும் முதல் குலுக்கல் நடந்தது. ஒரு ரூபாய்ச் சீட்டு, முதற் பரிசு 50,000 ரூபாய்.

பின்னாளில் தமிழகத்தில் தெருவுக்குத் தெரு சீட்டுக் கடைகள் முளைத்தன. அன்றாடம் குலுக்கல், வெளிமாநிலச் சீட்டு என்று பெருகி, கூலி வேலை செய்பவர்களின் குடும்பங்கள் நொடிந்தன. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியை அடியோடு தடை செய்தது. கேரளமோ தன் லாட்டரியை இன்னும் நடத்துகிறது. சீட்டு விற்றுப் பிழைப்போரில் மாற்றுத் திறனாளிகளும் முதியோரும் ஏராளம். 2011-இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழைகளின் மருத்துவத்திற்கு என்றார்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கிய இரண்டு அண்டை மாநிலங்கள் இரண்டு வழியில் போய்விட்டன.

தமிழகத்தில் சீட்டு ஒழிந்தபின் சூது ஒழிந்ததா? கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. இணையச் சூதாட்டத்தில் பணம் இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்டதால் 2022-இல் புதிய தடைச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றிற்று.

கடையை மூடினால் தீருமா?

நம் நாட்டிலும் சில மாநிலங்கள் கதவைச் சாத்தின. கிளந்தானில் 1990-களிலிருந்தே நம்பர் கடை கிடையாது. கெடாவில் 2023 ஜனவரி முதல் நாளோடு கடைகளுக்கு லைசென்ஸ் நின்றது. ஆட்டத்துக்கு உரிமம் கொடுப்பது கூட்டரசு, கடைக்கு லைசென்ஸ் மறுப்பது மாநிலம் என்பதால், நிறுவனங்கள் வழக்குத் தொடுத்து நீதிமன்றப் படியேறின.

கடை கண்ணில் படாவிட்டால் ஆசை குறையும் என்பது உண்மைதான். வேலை முடிந்து வரும் வழியில் கடை இல்லையென்றால் பாதிப் பேர் நேரே வீட்டுக்கு வருவார்கள். ஆனால் மீதிப் பேர்? கள்ள நம்பர் எழுதுகிறவன் வாசலுக்கே வருவான். அவன் கடனுக்கும் எழுதுவான். லைசென்ஸ் கடை கடன் கொடுக்காது. கைப்பேசியோ இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் கடை. அதற்குக் கதவுமில்லை, வரியுமில்லை. ஆகவே கடையை மூடினால் போதும் என்பவர்களும், கடை இருந்தால்தான் கள்ள ஆட்டம் ஒழியும் என்பவர்களும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். கையில் காசு குறைவு, கனவு பெரிது என்ற நிலை மாறாதவரை ஆட்டம் வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டேயிருக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

நம் ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. சிங்கப்பூரில் இரண்டு சூதாட்ட விடுதிகள் அமைக்கும் முடிவைப் பிரதமர் லீ சியன் லூங் 2005 ஏப்ரல் 18-இல் அறிவித்தார். அதற்கு முன் அங்கே பெரும் விவாதம் நடந்தது. எதிர்த்துப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். 2010-இல் இரண்டும் திறந்தன. ஆனால் சொந்தக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எளிதில் நுழையாதபடி ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். வெளிநாட்டவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. பாலம் தாண்டிப் போகும் நம் பிள்ளைகளுக்கு வாசல் இலவசமாகத் திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் நினைவில் வையுங்கள்.

சிங்கப்பூரில் போற்றத்தக்க ஏற்பாடு ஒன்றும் உண்டு. சூதாடியின் மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ விண்ணப்பித்து, அவரை விடுதிக்குள் விடாதபடி தடையாணை பெறலாம். ஆடுகிறவர் தாமே, "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று எழுதிக் கொடுக்கவும் வழியுண்டு. இதற்கென்று ஒரு தேசிய மன்றமே 2005-இல் அமைந்தது. நம் நாட்டில் நம்பர் கடைக்கு அப்படி ஓர் ஏற்பாடு வந்தால் எத்தனை தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்!

2024 ஏப்ரலில் கேலாங் பாத்தாவுக்கு அப்பாலுள்ள ஃபாரஸ்ட் சிட்டியில் சூதாட்ட விடுதி அமைக்கப் பேச்சு நடக்கிறது என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று எழுதிற்று. பிரதமர் அன்வார் இப்ராகிம் அது பொய் என்றார். செய்தியில் பெயர் அடிபட்ட தொழிலதிபர்களும் மறுத்தார்கள். அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று. ஆனால் அந்த ஒரு வாரத்தில் காப்பிக் கடைகளில் எழுந்த பேச்சைக் கவனித்தீர்களா? வேலை கிடைக்கும் என்றார்கள் சிலர். நிலம் விலையேறும் என்றார்கள் சிலர். யாருடைய பணம் அங்கே போய்ச் சேரும் என்று கேட்டவர்கள் குறைவு. மறுபடி ஒருநாள் இப்படிப் பேச்சு வரலாம். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பள்ளிக்கூடத்துக்கு வரும் பணம்

எங்கள் துறையிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2024-இல் சீனப் பள்ளி ஒன்றுக்கு நிதி திரட்டிய விழாவில் மதுபான நிறுவனத்தின் பெயர் தெரிந்ததால் நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. மது, சூதாட்ட நிறுவனங்களின் நன்கொடையைப் பள்ளிகள் வாங்கலாமா என்பது கேள்வி. பள்ளி வளாகத்தில் விளம்பரம் கூடாது, நன்கொடை வாங்கலாம் என்ற அளவில் அது முடிந்தது.

கூரை ஒழுகும் பள்ளியின் தலைமையாசிரியரைக் கேளுங்கள். காசோலையில் இருக்கும் பெயரை விடக் கூரை முக்கியம் என்பார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்வேன். அந்தக் காசோலையில் உள்ள பணம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அப்பா ஐந்து ஐந்து வெள்ளியாகக் கொடுத்த பணமும் அதில் இருக்கக்கூடும். நூறு வெள்ளி கொடுத்து ஒரு வெள்ளியைத் திரும்ப வாங்கி, அதற்கு மாலையும் போட்டு நன்றி சொல்கிறோம். பள்ளிக் கூரை அரசாங்கத்தின் கடமை. சூதாட்டப் பணம் வந்தால்தான் கூரை என்ற நிலை இருக்கக் கூடாது.

அதே பத்து வெள்ளி

நம்மிடம் காசே இல்லை, அதனால்தான் நம்பர் வாங்குகிறோம் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்த நாளில், துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி பெரிய பணம். இருந்தும் கொடுத்தார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தொழிலாளர் பணத்தில் வாங்கினார்கள். பால் வெட்டியவன் தோட்டத்துக்குப் பங்காளியானான்.

அதே சமூகம், அதே பத்து வெள்ளி. ஒன்று தோட்டமாயிற்று. மற்றொன்று கிழித்தெறியப்பட்ட சீட்டாகி வடிகாலில் மிதக்கிறது.

திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம், தொண்ணூற்று நாலாவது அதிகாரம் இருக்கிறது. சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் இரைக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். தோல்வி நம்மை விரட்டும். ஆபத்து வெற்றியில்தான். ஒருமுறை 180 வெள்ளி விழுந்தவர் ஆண்டுக்கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டே ஆடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

தாய்மார்களே, வீட்டுத் தலைவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு நாட்காட்டியை அடுப்படியில் மாட்டுங்கள். புதன், சனி, ஞாயிறு தோறும் போன காசையும் வந்த காசையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துக் கூட்டட்டும். அந்தக் கூட்டுத்தொகை பேசுவதுபோல் நம்மால் பேச முடியாது.

வாரம் 15 வெள்ளி என்பது மாதம் 65 வெள்ளி. பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும்போது அதன் பெயரில் கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து அந்த 65-ஐப் போட்டு வந்தால், ஐந்தாம் படிவம் முடிக்கும்போது, பதினோர் ஆண்டில், முதல் மட்டுமே 8,580 வெள்ளி. இதற்குக் குலுக்கல் தேவையில்லை. எல்லாப் பிள்ளைக்கும் விழும் பரிசு இது.

ஏற்கனவே கடனில் விழுந்துவிட்டீர்களா? ஒரு கடனை அடைக்க ஆலோங்கிடம் போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆயிரம் வெள்ளிக்கு ஆண்டு வட்டி 180. வாரம் பத்து விழுக்காடு கேட்கும் ஆலோங்குக்கு ஆண்டில் வட்டி மட்டும் 5,200 வெள்ளி. வங்கிக் கடன் முற்றிவிட்டால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போகலாம். அங்கே ஆலோசனைக்குக் கட்டணமில்லை. ஜொகூர் பாருவிலும் அதன் அலுவலகம் உண்டு. மிரட்டல் வந்தால் மறைக்காமல் போலீசில் புகார் செய்யுங்கள்.

இளைஞர்களே, உங்கள் கைப்பேசிக்கு வரும் "இலவச 50 வெள்ளி" அழைப்பைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். யாருக்கும் உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். பணம் அவனுக்கு, வழக்கு உங்களுக்கு என்றாகிவிடும்.

தோட்டத்துக் கோயில் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இந்தக் கணக்கைப் பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது கேளுங்கள்: பள்ளிக்கும் கோயிலுக்கும் மிக அருகில் புதிய நம்பர் கடைக்கு லைசென்ஸ் வேண்டாமென்று நகராண்மைக் கழகத்தில் சொல்வீர்களா? சிங்கப்பூரைப் போல் குடும்பத்தார் தடையாணை பெறும் வழியை இங்கேயும் கொண்டுவர நாடாளுமன்றத்தில் பேசச் சொல்வீர்களா? சூதாட்ட வரியில் எவ்வளவு, சூதாட்டத்தால் கெட்ட குடும்பங்களின் நலனுக்குப் போகிறது?

நமக்கு வாக்குச் சீட்டு நீட்டப்படவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். இந்தக் கேள்விகளைக் கேட்க அது வேண்டியதில்லை. முதலில் அந்த நாட்காட்டியை வாங்கி மாட்டுங்கள். நாளைக்கே தொடங்கலாம்.